அழுகையை நிறுத்துறது ஈஸி... புரிஞ்சுக்கிறதுதான் வேலை! குழந்தைகளின் உணர்வுகளைக் கையாள ஒரு கையேடு

மளிகைக் கடையில் பில் போடும் இடம். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சாக்லேட். 'இன்னைக்கு வேணாம்டா' என்று நீங்கள் சொன்னதுதான் தாமதம், மூன்று வயது வாண்டு தரையில் உருண்டு அலற ஆரம்பித்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் உங்களையே பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மில் பலரும் செய்வது மூன்றில் ஒன்று. சாக்லேட்டை வாங்கிக் கொடுத்துவிடுவோம். இல்லையென்றால் முதுகில் ஒன்று வைப்போம். அதுவும் இல்லையென்றால் போனைக் கையில் கொடுப்போம். எதைச் செய்தாலும் அழுகை நின்றுவிடும். ஆனால், 'கேட்டது கிடைக்கலைன்னா வர்ற இந்த ஏமாற்றத்தை நான் என்ன பண்றது?' என்ற குழந்தையின் கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்திருக்காது.

சாப்பிட, பல் துலக்க, ஷூ மாட்டக் கற்றுக்கொடுக்கிறோம். கோபம் வந்தால் என்ன செய்வது என்பதையும் அப்படித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். நீங்கள் அப்பா, அம்மாவாக இருக்கலாம். அக்கா பையனைப் பார்த்துக்கொள்ளும் சித்தியாகவோ மாமாவாகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படும் விஷயங்கள் இதோ...

பிரேக் இன்னும் ரெடியாகல!

நம் மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து, பயம், கோபம் என்றால் முதலில் அலாரம் அடிப்பது இதுதான். அந்த அலாரத்தைக் கேட்டு, 'இரு, இது அவ்வளவு பெரிய விஷயம் இல்ல' என்று நிதானப்படுத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ். வண்டிக்கு ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு ஆக்ஸிலரேட்டர் பிறந்ததில் இருந்தே வேலை செய்கிறது. பிரேக் முழுதாக வளர்ந்து முடிய 25 வயதுகூட ஆகலாம். அதனால், தரையில் உருளும் மூன்று வயதுக் குழந்தை உங்களை அவமானப்படுத்தத் திட்டம் போடவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் அதுவே மாட்டிக்கொண்டு தவிக்கிறது. அந்த நேரத்தில் 'உனக்கு அறிவிருக்கா?' என்று கேட்பதும், அரை மணி நேரம் அட்வைஸ் செய்வதும் வீண். கேட்டு யோசிக்கும் பகுதி அப்போது ஆஃப்லைனில் இருக்கிறது!

குழந்தைக்கு அப்போது தேவை, உங்களுடைய பிரேக். பக்கத்தில் ஒரு பெரியவர் நிதானமாக இருந்தால், அந்த நிதானம் மெல்ல குழந்தைக்கும் பரவும். இரண்டு, மூன்று வயதில் வரும் பெரும்பாலான அடம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களைத் தாண்டுவதுதான் நமக்குப் பரீட்சை.

பேரு வெச்சா பாதி அடங்கும்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்களிடம் கோபமான, பயந்த முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்வு என்ன என்று ஒரு வார்த்தையில் பெயரிடச் சொன்னார்கள். அப்படிப் பெயரிட்டபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைவதை மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். உணர்வை வார்த்தையாக்கும்போதே அதன் சூடு கொஞ்சம் தணிகிறது.

குழந்தையிடம் அந்த வார்த்தைகளே இல்லை என்பதுதான் சிக்கல். 'எனக்குப் பொறாமையா இருக்கு' என்று சொல்லத் தெரியாத நான்கு வயது அக்கா, தொட்டிலில் கிடக்கும் தம்பியைக் கிள்ளுகிறாள். 'மிஸ் திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு' என்று சொல்லத் தெரியாத யு.கே.ஜி பையன், 'வயிறு வலிக்குது' என்கிறான். வார்த்தை கிடைக்காத உணர்வுகள் கையிலும் வயிற்றிலும் வந்து நிற்கின்றன.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்கு ஒரு பெரிய வசதி. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே இருக்கிறது. சிரிப்பு, அழுகை, பயம், வியப்பு, கோபம் என எட்டு உணர்வுகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் சொல்கிறது. 'என்ன உணர்வு, எதனால வந்துச்சு?' என்ற அதே இரண்டு கேள்விகள்தான் நம் வீட்டுக் குழந்தைக்கும் தேவை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பேசும்போது 'மூட் அவுட்', 'டென்ஷன்', 'கடுப்பு' என்ற மூன்று வார்த்தைகளில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறோம். குழந்தையிடம் பேசும்போதாவது கொஞ்சம் தாராளமாக இருங்கள். ஏமாற்றம், ஏக்கம், கூச்சம், எரிச்சல், சலிப்பு, தவிப்பு, பதற்றம், பொறாமை, பெருமை... ஒவ்வொன்றையும் அது நடக்கும்போதே சொல்லிக்கொடுங்கள்.

'பார்க்குக்குப் போகலாம்னு ஆசையா கிளம்பினே, மழை வந்துருச்சு. இப்போ உனக்கு வர்றதுக்குப் பேருதான் ஏமாற்றம்.'

'அப்பா ஊருக்குப் போனதுல இருந்து வாசலையே பாக்குற இல்ல... அதுதான் ஏக்கம்.'

ஒரே நேரத்தில் இரண்டு உணர்வுகள் வரும் என்பதையும் சொல்லுங்கள். 'தம்பிப் பாப்பாவைப் பிடிச்சிருக்கு, அவன் மேல கோபமாவும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து வரலாம், தப்பில்ல.' இதைக் கேட்கும் குழந்தைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய 5 விஷயங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 1990-களில் 'எமோஷன் கோச்சிங்' என்ற முறையை எழுதினார். குழந்தையின் உணர்வைத் தொல்லையாகப் பார்க்காமல், நெருங்கிப்போய்க் கற்றுக்கொடுக்கக் கிடைத்த நேரமாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் வீட்டுக்கு ஏற்றபடி அதை இப்படிச் செய்யலாம்.

1. முதலில் உங்கள் மூச்சைக் கவனியுங்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரே ஒரு முறை மெதுவாக மூச்சை விடுங்கள். நீங்கள் கத்திக்கொண்டே குழந்தையை அமைதிப்படுத்த முடியாது.

2. கீழே உட்காருங்கள். குழந்தையின் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரட்டும். கடை என்றால் கூட்டத்தில் இருந்து கொஞ்சம் ஓரமாகத் தூக்கிப் போங்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

3. பெயர் சொல்லுங்கள். 'சாக்லேட் கிடைக்கலைன்னு ரொம்பக் கோபமா இருக்கா?' அவ்வளவுதான். உடனே 'ஆனா...' என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

4. எல்லையைச் சொல்லுங்கள். 'கோபப்படலாம் கண்ணா. ஆனா, அம்மாவை அடிக்கக் கூடாது.' குரல் உயரத் தேவையில்லை. ஆனால் வார்த்தை மாறக் கூடாது.

5. அடங்கிய பிறகு அடுத்த வழியைப் பேசுங்கள். 'அடுத்த முறை கோபம் வந்தா என்ன பண்ணலாம்? காலைத் தரையில தொம் தொம்னு மிதிக்கலாமா, என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கலாமா?' யோசனையைக் குழந்தையே சொல்லட்டும்.

நான்காவது விஷயத்தில்தான் பலரும் குழம்புவார்கள். 'உணர்வை மதிக்கணும்னா, கேட்டதை எல்லாம் வாங்கிக் கொடுக்கணுமா?' வேண்டவே வேண்டாம். கோபம், அழுகை, பொறாமை எதற்கும் வீட்டில் தடை இல்லை. அடிப்பது, கடிப்பது, பொருளை வீசுவது ஆகியவற்றுக்குத் தடை உண்டு. 'இன்னைக்கு சாக்லேட் இல்ல' என்றால் கடைசிவரை இல்லைதான். அழுகை கூடியதும் வாங்கிக் கொடுத்தால், 'இன்னும் சத்தமா அழுதா கிடைக்கும்' என்ற பாடத்தைத்தான் குழந்தை படிக்கும்.

நம் வீட்டு வசனங்கள்... கொஞ்சம் மாத்தலாமா?

சில வசனங்களை நாம் யோசித்துச் சொல்வதில்லை. நமக்குச் சொன்னார்கள், நாமும் சொல்கிறோம்.

'தரையை அடிச்சுட்டேன், அழாதே!'
குழந்தை விழுந்ததும் தரையையோ கதவையோ ஒரு தட்டு தட்டுவது பாட்டிகளின் ஸ்டைல். அன்பில் செய்வதுதான். ஆனால் 'எனக்கு வலிச்சா யாரையாவது அடிக்கணும்' என்ற பாடமும் கூடவே போகிறது. பதிலுக்கு, 'முட்டில பட்டுருச்சா? வலிக்குதா? தேய்ச்சு விடட்டுமா?' போதும்.

'ஆம்பளப் புள்ள அழலாமா?'
ஆண் குழந்தைக்கும் அதே அமிக்டலாதான், அதே கண்ணீர்தான். அழ அனுமதி கிடைக்காத பையனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கோபம் மட்டுமே. 'அழணும்னா அழுடா, நான் இங்கதான் இருக்கேன்' என்று சொல்லிப் பாருங்கள்.

'பொம்பளப் புள்ளைக்கு என்ன இவ்ளோ கோவம்?'
கோபம் கூடாது என்று வளரும் பெண், தனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்று சொல்லவே தயங்குவாள். 'உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, கேக்குறேன்' என்று மாற்றுங்கள்.

'போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்... டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்!'
ஆபத்து நேரத்தில் குழந்தை ஓடிப்போய் உதவி கேட்க வேண்டிய ஆட்களையே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம். ஊசி போடப் போகிறீர்கள் என்றால், 'சுருக்குனு வலிக்கும், சீக்கிரம் போயிடும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்' என்று உண்மையைச் சொல்லுங்கள்.

'மாமாவுக்கு ஒரு முத்தம் குடு... குடுக்க மாட்டியா? பேட் கேர்ள்!'
குழந்தை தயங்கினால் விட்டுவிடுங்கள். கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும். 'எனக்கு ஒரு மாதிரி இருக்கு' என்று உடம்பு சொல்வதை நம்பக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்குத்தான், தப்பான தொடுதலையும் வந்து சொல்லத் தைரியம் வரும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு சண்டை போட வேண்டாம். 'அத்தை, அவ கொஞ்சம் அழுதுக்கட்டும், அப்புறம் நாம ரெண்டு பேரும் சமாதானப்படுத்தலாம்' என்று அவர்களையும் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிங் பாங் சொல்லும் பாடம்

பிக்ஸாரின் 'இன்சைட் அவுட்' படம் (2015) பார்த்திருப்பீர்கள். அதில் பிங் பாங்குக்குப் பிடித்த ராக்கெட் வண்டி பறிபோய்விடும். ஜாய் கிச்சுக்கிச்சு மூட்டுவாள், வேடிக்கை காட்டுவாள். ஒன்றும் நடக்காது. சேட்னெஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய இழப்பைப் பற்றிப் பேசுவாள், கேட்பாள். பிங் பாங் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, 'இப்போ ஓகே' என்று எழுந்து நடப்பான்.

நாம் பெரும்பாலும் ஜாய் மாதிரிதான் நடந்துகொள்கிறோம். ஃப்ரெண்ட் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் குழந்தை வந்து அழுதால், 'இதுக்கெல்லாமா அழுவாங்க? வா, ஐஸ்க்ரீம் சாப்பிடலாம்' என்கிறோம். அடுத்த முறை ஐஸ்க்ரீமுக்கு முன்னால் ஐந்து நிமிடம் சேட்னெஸ்ஸாக இருந்து பாருங்கள். குழந்தையுடன் இந்தப் படத்தைப் பார்த்தால், 'இன்னைக்கு உன் மண்டைக்குள்ள யாரு இருந்தா?' என்ற கேள்வியைத் தினமும் கேட்கலாம். ஸ்கூலில் நடந்தது தானாகக் கொட்டும்.

போனைக் கொடுத்தா என்ன தப்பு?

ஒரு நாள், ஒரு பஸ் பயணம் என்றால் ஒன்றும் ஆகிவிடாது. ஒவ்வோர் அழுகைக்கும் அதுவே மருந்து என்றால்தான் சிக்கல். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. அழுகையை அடக்க அடிக்கடி போன், டேப்லெட் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், பிற்பாடு சட்டென்று உணர்ச்சிவசப்படுவது அதிகமாக இருந்தது. அழுகை நின்றது உண்மைதான். ஆனால் தானாக அடங்கிப் பழகும் வாய்ப்பும் கூடவே போய்விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு: இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 3, 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. சாயங்காலம் காரணமே இல்லாமல் சிணுங்கும் குழந்தையைத் திட்டுவதற்கு முன், 'சாப்பிட்டு எவ்ளோ நேரமாச்சு, மதியம் தூங்கினாளா?' என்று பாருங்கள். பாதி அடத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கும்.

அமைதியா இருக்கும்போது பழக்குங்க

நீச்சல் தெரியாதவருக்கு வெள்ளத்தில் வைத்துப் பாடம் எடுக்க முடியாது. கோபம் இல்லாத நேரத்தில், விளையாட்டாகப் பழக்குங்கள்.

* பால் ஆத்தும் மூச்சு: இரண்டு கையையும் டம்ளர் மாதிரி குவித்து, மூக்கால் வாசம் பிடித்து, வாயால் 'ஃபூ...' என்று சூடான பாலை ஊதுவது போல் ஊதச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்போது இதயத்துடிப்பு குறைந்து உடம்பு தளரும்.

* கோப மீட்டர்: சுவரில் 1 முதல் 5 வரை எழுதி ஒட்டுங்கள். 'இப்போ எத்தனைல இருக்கே?' என்று கேளுங்கள். 3-ல் இருக்கும்போதே சொல்லப் பழகினால், 5-க்குப் போவது குறையும்.

* எங்கே இருக்கு?: 'பயம் வந்தா உடம்புல எங்க தெரியுது?' வயிறு, நெஞ்சு, உள்ளங்கை... வரைந்து காட்டச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாததை வரையத் தெரியும்.

* காத்திருக்கும் விளையாட்டு: 1960-களின் கடைசியில் வால்டர் மிஷெல், ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகள் முன் மிட்டாயை வைத்து, 'காத்திருந்தா ரெண்டு' என்று சோதித்தார். காத்திருந்த குழந்தைகளில் பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள். 'அப்படிக் காத்திருந்தவங்கதான் வாழ்க்கையில ஜெயிப்பாங்க' என்ற பிரபலமான முடிவு, 2018-ல் வந்த பெரிய ஆய்வில் வலுவிழந்துவிட்டது. குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளின் டெக்னிக்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். இட்லி வேகும்வரை ஒரு பாட்டு, பஸ் வரும்வரை சிவப்பு வண்டி எண்ணுவது என்று பழக்குங்கள்.

எந்த வயசுல எதை எதிர்பார்க்கலாம்?

2 வயதுவரை: தூக்கி அணைப்பதும், மெதுவான குரலும்தான் மருந்து. விளக்கம் புரியாது.

2 முதல் 4: அடத்தின் உச்சம். சின்னச் சின்ன சாய்ஸ் கொடுங்கள். 'நீல சட்டையா, மஞ்ச சட்டையா?' தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வே பாதிச் சண்டையைக் குறைக்கும்.

5 முதல் 8: பெயர் சொல்வார்கள், காரணமும் சொல்ல முயல்வார்கள். கதை படிக்கும்போது 'அந்த முயலுக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?' என்று கேளுங்கள்.

9 முதல் 12: எதிரெதிரே உட்கார்ந்து 'சொல்லு' என்றால் சொல்ல மாட்டார்கள். டூ வீலரில் போகும்போது, பட்டாணி உரிக்கும்போது, இருட்டில் படுத்திருக்கும்போது பேசுவார்கள். அட்வைஸ் தேவையா, கேட்டால் மட்டும் போதுமா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

எனக்கே கோபம் வந்தா?

வரும். ஆபீஸ், டிராஃபிக், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கத்தித்தான் விடுவீர்கள். அதோடு எல்லாம் முடிந்துபோவதில்லை.

1970-களில் எட்வர்ட் ட்ரானிக் செய்த ஒரு சோதனை புகழ்பெற்றது. கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று முகத்தில் எந்த உணர்வும் காட்டாமல் அசையாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தவிக்கும். அம்மா மறுபடி சிரித்ததும், இருவரும் மெல்ல ஒட்டிக்கொள்வார்கள். எல்லா நேரமும் அம்மாவும் குழந்தையும் ஒத்துப்போவதில்லை, விலகுவதும் மறுபடி சேர்வதும் இயல்புதான், அந்தச் சேர்தல்தான் முக்கியம் என்றார் ட்ரானிக்.

அதனால், கத்திவிட்டால் பிறகு போய்ச் சொல்லுங்கள். 'அம்மா கோபத்துல கத்திட்டேன். நீ பயந்துட்டே இல்ல? ஸாரி. கோபம் வந்தது தப்பில்ல, கத்தினது தப்பு.' இதனால் உங்கள் மரியாதை குறையாது. தப்பு செய்தால் எப்படிச் சரிசெய்வது என்பதைக் குழந்தை நேரிலேயே பார்த்துக் கற்றுக்கொள்கிறது. அடி வேண்டவே வேண்டாம். பள்ளிகளில் குழந்தையை அடிப்பதையும், மனதளவில் துன்புறுத்துவதையும் 2009-ன் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஸ்கூலில் கூடாதது வீட்டில் மட்டும் எப்படிச் சரியாகும்?

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

* அடம் பெரும்பாலும் 25 நிமிடங்களைத் தாண்டுகிறது, ஒரே நாளில் பலமுறை வருகிறது என்றால்.
* தன்னையோ மற்றவர்களையோ காயப்படுத்திக்கொண்டே இருந்தால்.
* அழுது மூச்சடைத்து உடம்பு நீலம் பூத்தாலோ, மயங்கினாலோ. உடனே குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.
* பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று ஒடுங்கிப்போனால், தூக்கம், சாப்பாடு மாறினால், ஸ்கூலுக்கோ குறிப்பிட்ட ஒரு நபரிடமோ போகப் பயந்தால்.
* 'நான் இருக்கவே கூடாது' என்ற மாதிரி ஏதாவது சொன்னால். விளையாட்டாகச் சொன்னதாக நினைத்து விட வேண்டாம்.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டுமே 24 மணி நேரமும் இலவசம். இந்த எண்களை இப்போதே போனில் சேவ் செய்துகொள்ளுங்கள். 1098-ஐக் குழந்தைக்கும் மனப்பாடம் ஆக்குங்கள்.

உடைந்த பென்சிலுக்காக இன்று அழுகிற அழுகை உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். 'இதைச் சொன்னா இவங்க கேப்பாங்களா, திட்டுவாங்களா?' என்று குழந்தை உங்களைப் பார்த்துக் கணக்குப் போடுவது அந்த இடத்தில்தான். பதின்மூன்று வயதில் யாரோ ஆன்லைனில் மிரட்டும்போது, அந்தக் கணக்கை வைத்துத்தான் உங்களிடம் வருவதா, மறைப்பதா என்று முடிவெடுக்கும். அதனால், இன்று ராத்திரி லைட்டை அணைத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இன்னைக்கு உனக்கு எப்போ சந்தோஷமா இருந்துச்சு, எப்போ கஷ்டமா இருந்துச்சு?' பதில் வரும்வரை போனை மட்டும் எடுக்காதீர்கள்!